சிம்ப்சன்ஸ் தொடரை ஆவணப்படுத்த வருவோருக்கு ஒரு கைவழிகாட்டி

1993 பிப்ரவரி 18 அன்று அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘தி சிம்ப்சன்ஸ்’ அனிமேஷன் தொடரின் எபிசோட் ஒன்றில், குடும்பத் தலைவர் ஹோமரும் அவர் நண்பர் பார்னியும் டஃப் பீர் ஆலையைச் சுற்றிப் பார்க்கப் போகிறார்கள். டஃப், டஃப் லைட், டஃப் ட்ரை என்று பெயர் எழுதிய மூன்று தொட்டிகள் நிற்கின்றன. சற்று மேலே பார்த்தால், மூன்றுக்கும் ஒரே குழாயிலிருந்துதான் பீர் இறங்குகிறது. வசனமே இல்லாத இந்த வேடிக்கை, 2019 நவம்பர் 12 அன்று டிஸ்னி பிளஸ் என்ற இணையவழிப் படச் சேவை (ஓடிடி) தொடங்கப்பட்டபோது காணாமல் போயிற்று. அகலம் 4, உயரம் 3 என்ற விகிதத்தில் அமைந்த பழைய படத்தை அகலத் திரையில் நிரப்புவதற்காக மேலும் கீழும் வெட்டியதில், அந்தக் குழாய் வெட்டுப்பட்ட பகுதியோடு போய்விட்டது. ரசிகர்கள் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். 2020 மே மாத இறுதியில், பழைய அளவிலேயே பார்க்கும் வசதியை நிறுவனம் சேர்த்தது.

ஒரு தொடரைப் பாதுகாக்க வருபவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி இதுதான். எபிசோட் தொலையவில்லை, எல்லோருக்கும் எட்டும் இடத்தில்தான் இருந்தது. ஆனால் அதன் ஒரு வடிவத்தின் மேல் இன்னொரு வடிவம் ஓசையின்றி வந்து உட்கார்ந்துவிட்டது. ஆகவே கோப்புகளைச் சேர்த்து வைப்பது வேலையில் பாதிதான். எந்த வடிவம், எப்போது, எங்கே, எப்படிக் காணப்பட்டது என்ற குறிப்பை எழுதி வைப்பது மீதிப் பாதி. என் கணிப்பில் அதுதான் பெரிய பாதி.

எல்லையை வகுத்துக்கொள்ளுதல்

1987 ஏப்ரல் 19 அன்று ‘தி ட்ரேஸி உல்மன் ஷோ’வில் குறும்படங்களாகத் தோன்றி, 1989 டிசம்பர் 17 முதல் தனித் தொடராக நடந்துவரும் சிம்ப்சன்ஸ், 2018 ஏப்ரல் 29 அன்று தன் 636ஆவது எபிசோடோடு ‘கன்ஸ்மோக்’ என்ற பழைய அமெரிக்கத் தொடரின் நெடுநாள் எபிசோட் எண்ணிக்கைச் சாதனையைக் கடந்தது; 2021 மார்ச்சில் 700ஐத் தொட்டது. இவ்வளவையும் ஒரே ஆள் ஆவணப்படுத்த நினைப்பது, ஏரியைச் சொம்பில் மொள்ளும் முயற்சி. வந்த வேகத்தில் எல்லாவற்றையும் தொட்டு, மூன்றாம் மாதமே களைத்து விலகிப்போவதுதான் வழக்கமாக நடப்பது. முதல் சீசனில் 13 எபிசோடுகளே உள்ளன, அதிலிருந்து தொடங்குங்கள். இல்லையென்றால் ஒரே பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்: தொடக்கக் காட்சியில் ஹோமரின் மகன் பார்ட் கரும்பலகையில் எழுதும் வாசகங்கள், பின்னணியில் தெரியும் கடைப் பலகைகள், ஒரு குறிப்பிட்ட நாட்டில் வெளியான மொழிமாற்ற வடிவம் என்று ஏதாவது ஒன்று போதும்.

படத்துக்கு வெளியே உள்ளவற்றுக்கும் இடம் வைக்க வேண்டும். பிரிட்டனின் பிபிசி 1960களிலும் 70களிலும் ஒளிப்பதிவு நாடாக்களை அழித்து மறுபடியும் பயன்படுத்திய காரணத்தால், ‘டாட்ஸ் ஆர்மி’ என்ற நகைச்சுவைத் தொடரின் இரண்டாம் சீசனைச் சேர்ந்த மூன்று எபிசோடுகள் இன்றுவரை படமாகக் கிடைக்கவில்லை. ஆனால் எழுத்துப் பிரதிகள் பிழைத்திருந்தன; அவற்றைக் கொண்டு 2019இல் புதிய நடிகர்கள் அந்த மூன்றையும் நடித்துக் காட்டினார்கள். எனவே எழுத்துப் பிரதி, பத்திரிகைச் செய்திக்குறிப்பு, நிகழ்ச்சி நிரல் அச்சான தாள், எபிசோட் வந்த இரவில் ரசிகர்கள் எழுதிய கருத்து ஆகிய எல்லாமே சேகரத்தில் சேர வேண்டியவை.

கருத்து என்பதைச் சிறிதாக எண்ணிவிடக் கூடாது. 1990இல் யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதக் களத்தில் தொடங்கப்பட்ட சிம்ப்சன்ஸ் குழுவில், 1992 நவம்பரில் வந்த ஓர் எபிசோடைப் பார்த்துவிட்டு ஒரு ரசிகர் அதை எல்லாவற்றிலும் மட்டமானது என்று ஒரு வரியில் எழுதிப் போட்டார். அந்த வரியைத் தொடரின் எழுத்தாளர்கள் எடுத்து, 1997 பிப்ரவரியில் தொடரில் வரும் காமிக்ஸ் கடைக்காரர் வாயில் வைத்தார்கள். அது அந்தப் பாத்திரத்தின் முத்திரை வசனமாகவே ஆகிவிட்டது. பழைய இடுகைகளை யாரும் சேர்த்து வைத்திராவிட்டால், அந்தக் கேலி எங்கிருந்து பிறந்தது என்பது இன்று தெரிந்திருக்காது.

பட்டியல் போடுதல்

ஒரு எக்செல் தாளைத் திறந்து, எபிசோடுக்கு ஒரு வரி என்று எழுதத் தொடங்குங்கள். தலைப்பு, எழுதியவர், இயக்கியவர், முதல் ஒளிபரப்பு நாள், தயாரிக்கும்போதே எபிசோடுக்கு இடப்படும் தயாரிப்புக் குறியீடு ஆகிய ஐந்து கட்டங்கள் ஆரம்பத்துக்குப் போதும். இவற்றில் புதியவர்கள் அலட்சியப்படுத்துவது தயாரிப்புக் குறியீட்டை. உண்மையில் பட்டியலுக்கு அச்சாணியே அதுதான். முதலில் ஒளிபரப்பான கிறிஸ்துமஸ் எபிசோடின் குறியீடு 7ஜி08. அதற்கு முன்பே 7ஜி01 தயாராகியிருக்க வேண்டும் அல்லவா? ஆம், முதலாவதாக வர வேண்டியது அதுதான்; ஆனால் திரும்பி வந்த அனிமேஷன் தரம் குறைவாக இருந்ததால், பெரும்பகுதியைத் திரும்பச் செய்து, சீசனின் கடைசியாக 1990 மே 13 அன்று வெளியிட்டார்கள். ஒளிபரப்பு வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு, இந்தப் பாத்திரம் ஏன் இங்கே வேறு மாதிரி இருக்கிறது, அந்தக் குரல் ஏன் மாறி ஒலிக்கிறது என்று ஆராய்ந்தால் தலை சுற்றும். குறியீட்டு வரிசையில் அடுக்கினால் பாதிக் குழப்பம் தானாகத் தெளியும். ஹோமரின் முதலாளி மிஸ்டர் பர்ன்ஸ் சுடப்படும் இரட்டை எபிசோடும் அப்படியே: முதற்பகுதி 1995 மே 21 அன்று ஆறாம் சீசனின் இறுதியிலும், இரண்டாம் பகுதி செப்டம்பர் 17 அன்று ஏழாம் சீசனின் தொடக்கத்திலும் வந்தன, ஆனால் இரண்டின் குறியீடுகளும் ஆறாம் சீசன் தயாரிப்பைச் சேர்ந்த 2எஃப் வரிசையில்தான் உள்ளன.

தேதியை எப்போதும் ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் எண்ணால் எழுதுங்கள். அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் வைப்பார்கள், நாம் நாளை முன்னால் வைப்போம். இரண்டும் கலந்த பட்டியல் ஒன்றை நான் ஒருமுறை இரண்டு வாரம் உட்கார்ந்து திருத்த நேர்ந்தது.

பாடபேதங்களைப் பிரித்தறிதல்

ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தவர்கள், ஒரு சுவடியில் இருக்கும் சொல் இன்னொரு சுவடியில் வேறாக இருந்தால் இரண்டையும் குறித்து வைத்து, அதைப் பாடபேதம் என்றார்கள். நீண்ட தொடரை ஆவணப்படுத்துபவருக்கும் அந்தக் கண் வேண்டும். சிம்ப்சன்ஸ் எபிசோட் ஒன்றுக்குக் குறைந்தது நான்கு வடிவங்களாவது இருக்கும் என்று எண்ணிக்கொண்டே தேடுங்கள்.

முதலாவது, ஃபாக்ஸில் ஒளிபரப்பான மூல வடிவம். இரண்டாவது, 1994 இலையுதிர்காலத்திலிருந்து உள்ளூர் நிலையங்களுக்கு மறுஒளிபரப்புக்காக விற்கப்பட்ட வடிவம். கூடுதல் விளம்பரத்துக்கு இடம் தேவைப்பட்டதால், இதில் சில நொடிகள் முதல் ஓரிரு நிமிடங்கள் வரை வெட்டப்பட்டிருக்கும், கரும்பலகை வாசகமோ, தொடக்கத்தில் குடும்பம் சோபாவில் வந்து உட்காரும் சோபா வேடிக்கையோ முதலில் பலியாகும். மூன்றாவது, 2001 செப்டம்பர் முதல் சீசன் சீசனாக வந்த டிவிடி. நான்காவது, இன்று ஓடிடியில் கிடைப்பது. 2009 பிப்ரவரி 15 முதல் தொடரே அகலத் திரையில் தயாரிக்கப்படுவதால், சட்டக வெட்டுச் சிக்கல் அதற்கு முந்தைய எபிசோடுகளுக்கே உரியது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஒரு வடிவம் முற்றிலும் மறைந்துபோவதும் உண்டு. 1991 செப்டம்பரில் மூன்றாம் சீசனைத் தொடங்கிவைத்த எபிசோடில் மைக்கேல் ஜாக்சன் வேறு பெயரில் குரல் கொடுத்திருந்தார். அவர்மீதான குற்றச்சாட்டுகளை விவரித்த ஆவணப்படம் வெளிவந்ததை அடுத்து, 2019 மார்ச்சில் தயாரிப்பாளர்கள் அந்த எபிசோடை ஒளிபரப்பிலிருந்து விலக்கினார்கள், ஓடிடியிலும் அது இடம்பெறவில்லை. 2003இல் வந்த டிவிடித் தொகுப்பை வைத்திருப்பவரிடம் அது இருக்கிறது. விலக்கியது சரியா தவறா என்பது நம் வேலை அல்ல. இருந்தது, இன்ன நாளில், இன்ன காரணம் சொல்லி விலக்கப்பட்டது என்று பட்டியலில் எழுதுவதுதான் நம் வேலை. 1997 செப்டம்பர் 21 அன்று வந்த நியூயார்க் எபிசோட், உலக வர்த்தக மையக் கோபுரங்களைக் காட்டியதால் 2001 தாக்குதலுக்குப் பின் பல நிலையங்களில் நிறுத்தப்பட்டு, பின்னர் சில இடங்களில் வெட்டோடு திரும்பிவந்தது. சிம்ப்சன் குடும்பம் சீனாவுக்குப் போகும் 2005ஆம் ஆண்டு எபிசோடில், தியானன்மென் சதுக்கத்தில் ‘இந்த இடத்தில் 1989இல் எதுவும் நடக்கவில்லை’ என்று ஒரு பலகை நிற்கும். 2021 நவம்பரில் ஹாங்காங்கில் டிஸ்னி பிளஸ் தொடங்கப்பட்டபோது அந்த எபிசோட் மட்டும் அங்கே காணப்படவில்லை. ஒரே நிறுவனம், ஒரே சேவை, ஆனால் நாட்டுக்கு நாடு பட்டியல் வேறு. ஆகவே ‘ஓடிடியில் உள்ளது’ என்று மொட்டையாக எழுதாமல், எந்த நாட்டில், எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்பதைச் சேர்த்தே எழுதுங்கள்.

மொழிமாற்றங்களை ஆவணப்படுத்துவோர் குறைவு என்பதால், புதியவர் பெயர் சொல்லும்படி பணியாற்ற அங்கே இடம் நிறைய இருக்கிறது. 2005இல் எம்பிசி தொலைக்காட்சி நிறுவனம் அரபு மொழியில் வெளியிட்ட வடிவத்தில் ஹோமர் ‘ஓமர் ஷம்ஷூன்’ ஆனார், பீருக்குப் பதிலாகக் குளிர்பானம் வந்தது. 52 எபிசோடுகள் திட்டமிடப்பட்டு 34 மட்டுமே ஒளிபரப்பாயின. லத்தீன் அமெரிக்க ஸ்பானிய வடிவத்தில் ஹோமரின் குரலாகவே அறியப்பட்ட ஹம்பர்டோ வேலஸ், 2005இல் தொழில் தகராறால் விலக நேர்ந்தது. இந்த மாற்றங்கள் ஆங்கிலப் பட்டியல்களில் ஒரு வரியாகக்கூட வராமல் போகலாம்.

எபிசோட் குறிப்பை எழுதுதல்

யூஸ்நெட் ரசிகர்கள் 1990களில் எபிசோடுக்கு ஒன்றாகத் தொகுத்த குறிப்புகள் இன்றும் நல்ல முன்மாதிரி. கரும்பலகை வாசகம், சோபா வேடிக்கை, விருந்தினர் குரல்கள், பின்னணியில் கண்ணுக்குத் தப்பும் எழுத்துகள், பிற படங்களையும் நூல்களையும் சுட்டும் இடங்கள், முந்தைய எபிசோடுகளோடு முரண்படும் இடங்கள் என்று அவர்கள் பகுத்துக்கொண்டார்கள். கணினியில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் வசதி இல்லாத காலத்தில், வீடியோ டெக்கின் நிறுத்தும் பொத்தானை மட்டும் நம்பி எழுதப்பட்டவை அவை.

நிறுத்திப் பார்ப்பதன் பயனுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1995 அக்டோபர் 29 அன்று வந்த எபிசோடில், முப்பரிமாண உலகத்துக்குள் விழும் ஹோமரின் பின்னால் 1782இன் 12ஆம் அடுக்கும் 1841இன் 12ஆம் அடுக்கும் கூடினால் 1922இன் 12ஆம் அடுக்கு வரும் என்று ஒரு சமன்பாடு மிதந்து செல்லும். ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தின்படி அப்படி அமையவே முடியாது. ஆனால் அன்றைய சாதாரணக் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தால் சரியாகவே காட்டும்; எழுத்தாளர் டேவிட் கோஹன் கணினி நிரல் எழுதித் தேடிப் பிடித்த குறும்பு அது. இரட்டைப்படை எண்ணின் அடுக்கோடு ஒற்றைப்படை எண்ணின் அடுக்கைக் கூட்டினால் ஒற்றைப்படைதானே வர வேண்டும், 1922 இரட்டைப்படை ஆயிற்றே என்று யோசித்தால் கால்குலேட்டரே வேண்டாம். திரையில் சில நொடிகளே நிற்கும் இத்தகைய ஒன்றைச் சொல்லில் மட்டும் எழுதாமல், எண்களைப் பிசகின்றிப் படியெடுத்து, படத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து வைக்க வேண்டும்.

குறிப்பு எழுதுகையில் மூன்று ஒழுக்கங்களை விடாமல் கடைப்பிடியுங்கள். நேரத்தைக் குறிப்பிட்டால், எந்த வடிவத்தின் நேரம் என்பதையும் சொல்லுங்கள். வெட்டப்பட்ட வடிவத்தில் ஐந்தாம் நிமிடம் வருவது மூல வடிவத்தில் ஆறாம் நிமிடத்தில் இருக்கலாம். கண்ணால் கண்டது, பிறர் சொல்லக் கேட்டது, நீங்கள் ஊகித்தது ஆகிய மூன்றையும் ஒரே தொனியில் எழுதாமல் வேறுபடுத்துங்கள். முன்னால் ஒருவர் எழுதியது தவறாக இருந்தால், அழித்துவிட்டு எழுதாமல், கீழே தேதியிட்டுத் திருத்தத்தைச் சேருங்கள். அந்தத் தவறே ஒரு காலத்தில் எந்த வடிவம் புழக்கத்தில் இருந்தது என்பதற்குச் சாட்சியாகப் பின்னால் பயன்படக்கூடும்.

கேசட்டிலிருந்து கணினிக்கு

மூல ஒளிபரப்பு வடிவம் பெரும்பாலும் வீடுகளில் பதிவான வி.எச்.எஸ். கேசட்டுகளில்தான் மிஞ்சியிருக்கிறது. கேசட் கைக்கு வந்ததும் டெக்கில் போட்டுவிடாதீர்கள். வெளிச்சத்தில் பிடித்து, நாடாவின் விளிம்பில் வெள்ளைப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஓட்டக் கூடாது, ஓட்டினால் அந்தப் பூஞ்சை டெக்கின் தலைக்கும், அங்கிருந்து அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். சுத்தமாக இருந்தால், பதிவை அழித்துவிடாதபடி கேசட்டின் பின்பக்கச் சிறு பிளாஸ்டிக் தடுப்பை உடைத்துவிட்டு, ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிக்கொள்ளுங்கள். பல ஆண்டு அசையாமல் கிடந்த நாடா அப்போதுதான் சீராகும்.

அமெரிக்கக் கேசட் என்.டி.எஸ்.சி. என்ற ஒளிபரப்பு முறையில், 525 வரிகளும் நொடிக்கு ஏறத்தாழ 30 சட்டகங்களுமாக இருக்கும். இந்தியாவிலோ இலங்கையிலோ பதிவானது பி.ஏ.எல். முறையில், 625 வரிகளும் 25 சட்டகங்களுமாக இருக்கும். இரண்டையும் ஓட்டும் டெக் கிடைத்தால் நல்லது. எதுவானாலும், பதிவான முறையிலேயே கணினியில் ஏற்றுங்கள். ஒன்றை மற்றொன்றாக மாற்றும்போது சட்டகங்கள் கலங்கும். டெக்குக்கும் கணினிக்கும் நடுவில் படம் ஆடுவதை நிறுத்தும் டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவி இருந்தால் படம் நெளியாது. பாதுகாப்புப் பிரதியைத் தரம் இழக்காத எஃப்எஃப்வி1 முறையில் எம்கேவி கோப்பாகச் சேமித்து, பார்ப்பதற்கு மட்டும் சிறிய எம்பி4 ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வகை ஒரு மணி நேரத்துக்கு 30 ஜிபி அளவுக்கு இடம் பிடிக்கலாம். அதைக் கண்டு மலைத்து, சிறிய கோப்பை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

விளம்பரங்களை வெட்டவே வெட்டாதீர்கள். எபிசோடை மட்டும் அழகாக எடுத்து வைக்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். ஆனால் எந்த நிலையம், எந்த நாள், எத்தனை இடைவேளை என்பதற்கு ஆதாரமே நிலைய முத்திரையும், இடையில் வரும் செய்தி முன்னோட்டமும், அடுத்த வாரத்துக்கான டிரெய்லரும்தான்.

பெயரும் நகலும்

கோப்பின் பெயரில் தயாரிப்புக் குறியீடு, ஒளிபரப்பு நாள், நிலையம், வடிவம் ஆகிய நான்கும் அதே வரிசையில், இடைவெளிக்குப் பதில் சிறுகோடு இட்டு, ஆங்கிலச் சிறிய எழுத்தில் இருக்கட்டும். நகல் மூன்று, இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரில் என்ற பழைய விதி இன்றும் சரியானது. ஒவ்வொரு கோப்புக்கும் ஹாஷ் எனப்படும் சரிபார்ப்பு எண்ணைக் கணித்துப் பட்டியலில் ஒட்டிவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி கணித்து ஒப்பிட்டால், ஹார்ட் டிஸ்க்கில் எது பழுதாகியிருக்கிறது என்று தெரியும்.

இணையத்தில் வைப்பது

இங்கே ஒரு தடை உண்டு, அதை மழுப்ப முடியாது. தொடரின் காப்புரிமை உயிரோடு இருக்கிறது. இந்தியச் சட்டத்தில் திரைப்படத்துக்கான காப்புரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். விமரிசனத்துக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவில் பயன்படுத்த 52ஆம் பிரிவு இடம் தருகிறது, முழு எபிசோடைப் பொதுவில் ஏற்ற இடம் தரவில்லை. ஏற்றினால் நீக்கப்படும், கணக்கும் போகலாம். ஆகவே படக் கோப்புகள் உங்களிடமோ, ஏற்றுக்கொள்ளும் ஆய்வு நூலகத்திடமோ இருக்கட்டும். பொதுவில் வைக்க வேண்டியவை உங்கள் பட்டியல், பாடபேதக் குறிப்பு, எபிசோட் குறிப்பு ஆகியவை. அவை நீங்களே எழுதியவை என்பதால் யாரும் தடுக்க மாட்டார்கள்.

1996இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்ட இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகம் இதற்கு ஏற்ற இடம். இலவசக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, ஒரு சீசனுக்கு ஒரு பதிவு என்று ஏற்றுங்கள். பதிவுக்கு நீங்கள் இடும் முகவரிப் பெயரைப் பின்னால் மாற்ற முடியாது. அவசரத்தில் ‘சோதனை1’ என்று வைத்தால் அது காலத்துக்கும் ‘சோதனை1’தான். எக்செல் தாளோடு, எந்த மென்பொருளிலும் திறக்கும் எளிய உரைக் கோப்பு ஒன்றையும் ஏற்றுங்கள். நீங்கள் சான்றாகக் காட்டும் இணையப் பக்கங்களை அதே நிறுவனத்தின், இணையப் பக்கங்களைப் படியெடுத்து வைக்கும் வேபேக் மெஷினில் அன்றைக்கே சேமித்துவிடுங்கள். 2009 அக்டோபரில் யாஹூ, இலவச இணையப் பக்கங்களுக்கு இடம் தந்த ஜியோசிட்டிஸை மூடியபோது எண்ணற்ற ரசிகர் பக்கங்கள் ஒரே நாளில் அணைந்தன. தன்னார்வலர்கள் முந்திக்கொண்டு படியெடுத்தவையே தப்பின. ஆர்க்கைவ் இருக்கிறதே என்று அதை மட்டும் நம்பியும் இருக்கக் கூடாது. 2024 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலில் அந்தத் தளமே பல நாள் முடங்கியது, 3.1 கோடிப் பயனர்களின் விவரம் கசிந்தது.

ஒப்படைப்புத் தாள்

பிலடெல்பியாவில் மேரியன் ஸ்டோக்ஸ் என்ற பெண்மணி முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, 2012இல் இறக்கும்வரை, தொலைக்காட்சியை இரவு பகலாகப் பதிவு செய்தார். ஏறத்தாழ 70,000 கேசட்டுகள் சேர்ந்தன. அவர் மகன் அவற்றை இன்டர்நெட் ஆர்க்கைவுக்குக் கொடுத்தபோது, நான்கு கப்பல் கன்டெய்னர்களில் ஏற்றி அனுப்ப வேண்டியிருந்தது. தாய் சேர்த்தது இன்னதென்று தெரிந்த மகனும், வாங்கிக்கொள்ள ஓர் இடமும் இருந்ததால் அது மிஞ்சியது. எல்லா வீட்டிலும் அப்படி அமையாது, பெரும்பாலான வீடுகளில் அது பழைய சாமான்காரர் வண்டியில்தான் ஏறும். ஆகவே முதல் சீசனின் 13 வரிகள் முடிந்த அன்றே, அரைப் பக்கத்தில் ஒரு தாள் எழுதுங்கள்: எந்த ஹார்ட் டிஸ்க் எந்த அலமாரியில் இருக்கிறது, வேறு ஊரில் உள்ள நகல் யார் வீட்டில் இருக்கிறது, கணக்கின் கடவுச்சொல்லை யாரிடம் கேட்க வேண்டும், கடைசியாகச் சரிபார்த்த நாள் எது. அதை அச்செடுத்து, கேசட்டுகள் இருக்கும் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவையுங்கள்.